இருபத்து நான்கரைப் பாடல்கள்

அமெரிக்கப் பாடகர் சக் பெர்ரியின் ‘தி கிரேட் ட்வென்ட்டி எயிட்’ என்னும் தொகுப்பில், பெயரே சொல்வதுபோல, 28 பாடல்கள் இருக்கின்றன. எனக்கு முதலில் வாய்த்த பிரதியில் இருபத்து நான்கரைதான் இருந்தன. எஞ்சிய மூன்றரையைக் கேட்பதற்குப் பதினோரு ஆண்டுகள் பிடித்தன. ராக் அண்ட் ரோல் பாடகர்களின் தொகுப்புகளில் எது சிறந்தது என்று யாராவது கேட்டால் தயங்காமல் இதன் பெயரைத்தான் சொல்வேன். ஆனால் இதன் அருமை எனக்குப் பிடிபட்டதற்கு அந்தக் குறைப்பட்ட கேசட்டும் ஒரு காரணம் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அது 1993-ஆம் ஆண்டு. கிருஷ்ணகிரி அப்போது தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஊராக இருந்தது. ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்த என் பெரியப்பா மகன், பெங்களூர் நண்பர் ஒருவரிடமிருந்து இரவல் வாங்கிய கேசட்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து, “திங்கட்கிழமை காலையில திருப்பித் தரணும், அதுக்குள்ள எடுத்துக்கோ” என்று கொடுத்தார். அன்று மாலையே ரவுண்டானாவுக்குச் சற்றுத் தள்ளியிருந்த ஒரு ரெக்கார்டிங் சென்டருக்கு ஓடினேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு ரெக்கார்டிங் சென்டர் என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கலாம். நமக்குப் பிடித்த பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அவற்றை வெற்றுக் கேசட்டில் பதிந்து இரண்டு நாளில் தருவார்கள். அந்தக் கடைக்காரர் இந்தத் தொழிலில் நிபுணர். நம் பட்டியலை அப்படியே பதிய மாட்டார். ஒவ்வொரு பாடலுக்கும் எதிரே பென்சிலால் நிமிடக் கணக்கைக் குறித்துக் கூட்டிப் பார்த்து, பாடல் பாதியில் அறுந்துவிடாதபடி வரிசையை மாற்றுவார். ஒரே பாடகரின் சோகப் பாடல்கள் இரண்டை அடுத்தடுத்து வைக்க ஒப்புக்கொள்ள மாட்டார். ஒரு பக்கத்தின் முடிவில் இரண்டு நிமிடம் மிஞ்சினால், நாம் கேட்காத சிறிய பாடல் ஒன்றைத் தம் விருப்பப்படி சேர்த்துவிடுவார். அப்படி அவர் சேர்த்த பாடல்களே பல கேசட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தவையாக அமைந்துவிட்டன. பதிந்து முடித்ததும், மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் உடைத்து, யாரும் தவறுதலாக அழித்துவிடாதபடி செய்து கொடுப்பார். அந்த இரண்டு சிறு ‘டக்’ ஒலிகளைக் கேட்ட பிறகுதான் கேசட் நம்முடையது.

இவ்வளவு கைத்திறனையும் அன்று அவர் எனக்காகச் செலவிடவில்லை. நான் 90 நிமிடக் கேசட் கேட்டேன். அதன் நாடா மெல்லியது, டெக்கில் சிக்கிக்கொள்ளும் என்று சொல்லி 60 நிமிடக் கேசட்டை எடுத்தார். அவர் சொன்னது உண்மைதான் என்றாலும் எழுபது நிமிடப் பாடல்கள் அறுபது நிமிடத்துக்குள் அடங்காது என்பதை அவருக்கு யார் சொல்வது? இங்கிலீஷ் பாட்டுதானே என்ற எண்ணத்தில், வேகமாகப் பதியும் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். முதல் பக்கம் ‘ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்’ பாடலின் நடுவே அறுந்தது. இரண்டாம் பக்கம் ‘ஜானி பி. குட்’ தொடங்கி ‘கம் ஆன்’ வரை ஒழுங்காக ஓடியது. அடுத்து ‘நடீன்’ பாடலின் முதல் சில நொடிகள் கேட்டன. பிறகு நாடா தீர்ந்தது. அட்டையில் அவர் நீல மையால் எழுதிக் கொடுத்த தலைப்பு ‘வெள்ளைக்காரன் பாட்டு’.

சக் பெர்ரி வெள்ளைக்காரர் இல்லை என்பது எனக்குத் தெரியவந்தபோது அந்த அட்டையை நினைத்துச் சிரித்தேன். பிறகு படித்துப் பார்த்ததில், இந்தத் தவறு கிருஷ்ணகிரிக்கு மட்டும் உரியதன்று என்று தெரிந்தது. அவருடைய பாடல்களைக் கேட்டு வெள்ளையர் என்று நினைத்து நிகழ்ச்சிக்கு ஒப்பந்தம் செய்தவர்கள், ஆளை நேரில் பார்த்ததும் மேடையேற்ற மறுத்த அனுபவத்தை அவரே 1987-இல் வெளிவந்த தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ‘ஜானி பி. குட்’ பாடலில் வரும் சிறுவனை முதலில் கறுப்பினச் சிறுவன் என்று எழுதியவர், வானொலியில் ஒலிபரப்ப வேண்டுமே என்பதற்காக நாட்டுப்புறச் சிறுவன் என்று மாற்றினார். ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினார். அந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்த அமெரிக்காவை நினைத்தால், கடைக்காரரின் நீல மைக் கையெழுத்தைப் பார்த்து அவ்வளவு எளிதாகச் சிரிக்க முடியவில்லை.

தொகுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டிய அடிப்படைச் செய்திகள் சில உண்டு. சிகாகோவின் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் பெயரில் 1982-இல் இரட்டை இசைத்தட்டாக, பக்கத்துக்கு ஏழு பாடல் வீதம் இது வெளிவந்தது. 1955 முதல் 1965 வரை பெர்ரி செஸ்ஸுக்காகப் பாடியவை இதில் ஏறத்தாழ கால வரிசைப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. ரோலிங் ஸ்டோன் இதழ் 2003-இல் எல்லாக் காலத்துக்குமான 500 ஆல்பங்களை வரிசைப்படுத்தியபோது இதற்கு 21-ஆம் இடம் தந்தது. தொகுப்புகளை ஆல்பங்களோடு சேர்த்து எண்ணலாமா என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும். பெர்ரியின் காலத்தில் பாடல்கள் சிறிய இசைத்தட்டில் ஒன்றொன்றாகவே வாழ்ந்தன என்பதால், அவரைப் பொறுத்தவரை தொகுப்புதான் சரியான வடிவம் என்பது என் கருத்து.

முதல் பாடல் ‘மேபலீன்’. 1955 மே மாதம் சிகாகோவில் பதிவானது. பெர்ரியை செஸ் நிறுவனத்துக்கு வழிகாட்டி அனுப்பியவர் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ். பாடலின் கதை எளியது. பழைய ஃபோர்டு காரில் போகிறவன், தன் காதலி மேபலீன் வேறொருவரின் கேடிலாக் காரில் போவதைப் பார்த்துத் துரத்துகிறான். இன்ஜின் சூடேறுகிறது. மழை பிடிக்கிறது. பானட்டுக்குள் தெறித்த மழைநீர் இன்ஜினுக்கு இதமாக இருக்கிறது. கடைசியில் ஒரு மேட்டின் உச்சியில் அவளைப் பிடிக்கிறான்.

என் தாய்மாமா அப்போது லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாங்காய் லோடு இறக்கிவிட்டுச் சேலத்திலிருந்து காலி வண்டியில் திரும்பிய ஓர் இரவில் நானும் உடன் வந்தேன். தொப்பூர் கணவாயின் ஏற்றத்தில், ரேடியேட்டர் கொதித்து ஓரங்கட்டிய வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு கிளீனர் பையன் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு மூடியைத் திறந்ததும், ஆவி அவன் தலைக்கு மேல் எழும்பி ஹெட்லைட் வெளிச்சத்தில் வெள்ளையாகப் பரவியது. எங்கள் வண்டியின் டெக்கில் ‘மேபலீன்’ ஓடிக்கொண்டிருந்தது. நான் கதையைச் சொன்னேன். மாமா சற்று நேரம் பேசாமல் கியர் மாற்றினார். பிறகு, “மழைத் தண்ணி பட்டா இன்ஜின் தணியும்டா மாப்ளே. தணிஞ்சா இழுவை வரும். இவன் வண்டி ஓட்டினவன்தான்” என்றார். சக் பெர்ரியைப் பற்றி எத்தனையோ விமர்சனங்களைப் படித்துவிட்டேன். இதைவிடத் துல்லியமான ஒன்றை இன்னும் படிக்கவில்லை.

இரண்டாம் ஆண்டு கல்லூரி மாணவனான எனக்கு இந்தப் பாடல்கள் புரிந்ததற்குப் பெர்ரியின் உச்சரிப்பே காரணம். அவர் பாடகர் நாட் கிங் கோலின் தீவிர ரசிகர். ஒவ்வொரு சொல்லையும் கடித்து விழுங்காமல், கேட்பவரின் கையில் தெளிவாக வைப்பதுபோலப் பாடுவார். ‘டூ மச் மங்கி பிசினஸ்’ போன்ற பாடலில் வேலை, கடன், காசு போட்டும் பேசாத போன், பட்டாளம், பெட்ரோல் பங்க் என்று அன்றாட எரிச்சல்களை மூச்சுவிடாமல் அடுக்கும்போதுகூட ஒரு சொல்லும் மழுங்காது.

அந்தக் கேசட்டில் நான் அதிகம் தேய்த்த இடம் ‘மெம்ஃபிஸ்’. 1959-இல் ‘பேக் இன் தி யு.எஸ்.ஏ.’ இசைத்தட்டின் மறுபக்கத்தில் வெளியான பாடல் இது. ஒருவன் வெளியூர்த் தொலைபேசி ஆபரேட்டரிடம் பேசுகிறான். மெம்ஃபிஸ் நகரில் இருக்கும் மேரியோடு இணைப்பு வேண்டும் என்கிறான். எண் அவனிடம் இல்லை. அவள் அழைத்தபோது அவனுடைய மாமா எடுத்துப் பேசி, செய்தியைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார். அவள் வீடு ஊரின் தென்புறம், மேட்டின் மேல், மிசிசிப்பிப் பாலத்திலிருந்து அரை மைல் தொலைவில் இருக்கிறது என்று அடையாளம் சொல்லிக் கெஞ்சுகிறான். காதலியைத் தேடும் பாட்டு என்று நாமும் கேட்டுக்கொண்டே போகிறோம். கடைசிச் சில வரிகளில்தான் மேரிக்கு வயது ஆறு என்றும், அவள் அவனுடைய மகள் என்றும், பிரிந்துபோன தாயோடு அவள் இருக்கிறாள் என்றும் தெரிகிறது. தெரிந்த கணத்தில் பாட்டு முடிந்துவிடுகிறது.

ட்ரங்க் கால் பதிந்துவிட்டு எக்ஸ்சேஞ்சின் அழைப்புக்காகக் காத்திருந்த தலைமுறைக்கு இந்தப் பாட்டை விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் போன் இருந்தது. தெருவில் பாதிப் பேர் தங்களுக்கு அழைப்பு வரக் கொடுத்திருந்த பி.பி. நம்பர் அதுதான். அந்த வீட்டுக் கூடத்தின் சுண்ணாம்புச் சுவரில், போனுக்கு மேலே, கரிக்கட்டையிலும் பேனாவிலும் எழுதப்பட்ட எண்களும் பெயர்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். வெள்ளையடிக்கும்போது அந்த ஒரு முழம் இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்வார்கள். சுவரில் செய்தி எழுதும் மாமாவைப் பெர்ரி எங்கே பார்த்தாரோ, நான் அங்கே பார்த்தேன்.

‘ஜானி பி. குட்’ பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதன் தொடக்கக் கிட்டார் ஒலி, லூயி ஜோர்டன் குழுவின் 1946-ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் கார்ல் ஹோகன் வாசித்ததிலிருந்து எடுத்தது. ‘குட்’ என்ற பெயர் செயின்ட் லூயிஸ் நகரில் பெர்ரி பிறந்த தெருவின் பெயர். நான் சொல்ல விரும்புவது இதன் தொடர்ச்சியான ‘பை பை ஜானி’ பற்றி. முதல் பாட்டில் கோணிப்பையில் கிட்டாரைப் போட்டுக்கொண்டு ரயில் பாதையோரம் மரத்தடியில் வாசிக்கும் சிறுவனை, இரண்டாம் பாட்டில் அவனுடைய தாய் வங்கியில் இருந்த சேமிப்பை எடுத்து வெளியூர்ப் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறாள். முதல் பாட்டு மகனைப் பற்றியது, இரண்டாவது தாயைப் பற்றியது. தனித்தனி இசைத்தட்டாக 1958-இலும் 1960-இலும் வாங்கியவர்களுக்கு இடையில் இரண்டு ஆண்டுகள் இருந்தன. என் கேசட்டில் அரை மணி நேரம்கூட இல்லை. நடன அரங்கும் பள்ளிக்கூடத்துக் காதலும் நிறைந்த ஒன்பது பாட்டுகள் ஓடி முடிவதற்குள் பையன் வளர்ந்து, அம்மா பேருந்து நிலையத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். பாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவதாலேயே ஒரு கதை உண்டாகிவிடும் என்பதை நான் முதன்முதலில் உணர்ந்த இடம் அது. கிருஷ்ணகிரிப் பேருந்து நிலையத்தில் ஞாயிறு இரவுகளில் ஓசூருக்கும் பெங்களூருக்கும் பையன்களை ஏற்றிவிட்டு, பஸ் திரும்பும்வரை நிற்கும் அம்மாக்களைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் எளிதில் விளங்கும்.

எல்லாப் பாடல்களும் இந்தத் தரத்தில் இருப்பதாகச் சொல்ல மாட்டேன். ‘பியூட்டிஃபுல் டிலைலா’ இல்லாவிட்டால் யாரும் அழப்போவதில்லை. ‘ஹவானா மூன்’ தனியாகக் கேட்டால் நல்ல பாட்டு, ஆனால் ‘ரோல் ஓவர் பீத்தோவன்’ முடிந்த கையோடு வரும்போது கல்யாண வீட்டில் வழி தவறி நுழைந்தவர்போல நிற்கிறது.

சேர்க்காமல் விட்டவை பற்றித்தான் எனக்குப் பேச நிறைய இருக்கிறது. 2002-இல் எல்விஸ் பிரெஸ்லிக்கு ஒரு தொகுப்பு வந்தது. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ முதலிடம் பிடித்த 30 பாடல்கள் என்பதே அதன் விதி. விதி எளியது, விற்பனையும் அமோகம். அதே விதியைப் பெர்ரிக்குப் பொருத்தினால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பொதுப் பாடல் பட்டியலில் அவர் முதலிடம் பிடித்தது வாழ்நாளிலேயே ஒரே ஒரு முறைதான், 1972-இல், ‘மை டிங்-அ-லிங்’ என்னும் இரட்டை அர்த்தப் பாட்டுக்கு. ‘ஜானி பி. குட்’ எட்டாம் இடத்தோடு நின்றது. ஆகவே விதிப்படி பெர்ரியின் மகத்தான தொகுப்பில் ஒரே பாட்டு, அதுவும் உருப்படியில்லாத பாட்டு, இருந்திருக்கும். 1965-உடன் கோடு போட்டவர் யாரோ, அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அவரிடமே எனக்கு ஒரு வழக்கும் உண்டு. 1964-இல் வெளிவந்த ‘ப்ராமிஸ்டு லேண்ட்’ இதில் இல்லை. அதே ஆண்டின் ‘யூ நெவர் கேன் டெல்’ பாடலும் இல்லை. இடம் இல்லை என்று சொல்ல முடியாது, டிலைலாவுக்கு இடம் இருந்திருக்கிறதே.

தர்மபுரிக்காரர்களுக்குத் தொகுப்பாளரின் கத்தரி எவ்வளவு கூர்மையானது என்பது தெரிந்திருக்க வேண்டும். தகடூர் என்ற பழம்பெயரோடு இந்த ஊரை ஆண்ட அதியமான், சேரனிடம் தோற்ற போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. ‘புறத்திரட்டு’ என்னும் தொகுப்பைச் செய்தவர் அதிலிருந்து நாற்பது சொச்சம் செய்யுள்களை எடுத்துச் சேர்த்ததாலும், உரையாசிரியர்கள் சிலவற்றை மேற்கோள் காட்டியதாலும் அவ்வளவாவது மிஞ்சியது. அந்தத் தொகுப்பாளர் எந்தச் செய்யுளை இது வேண்டாம் என்று ஒதுக்கினார் என்பதை இனி யாரும் அறிய முடியாது. ‘ப்ராமிஸ்டு லேண்ட்’ அப்படி அழிந்துபோகவில்லை, வேறு தொகுப்புகளில் கிடைக்கிறது என்பது ஆறுதல்.

இன்னொரு தொகுப்பிலும் பெர்ரி இருக்கிறார். 1977-இல் விண்ணுக்குச் சென்ற இரு வாயேஜர் விண்கலங்களிலும் பொருத்தப்பட்ட தங்கத் தட்டில் உலக இசை 27 உருப்படிகள் உண்டு. அவற்றில் ‘ஜானி பி. குட்’ ஒன்று, இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்கர் பாடிய பைரவி இன்னொன்று. மொத்த இசையும் 90 நிமிடம். நாசாவிடம் யாரும் நாடா சிக்கிக்கொள்ளும் என்று சொல்லவில்லை போலிருக்கிறது.

இனி, அறுந்துபோன இடத்துக்கு வருகிறேன். என் கேசட் ‘கம் ஆன்’ பாடலோடு முடிந்தது என்று சொன்னேன். அது 1961-இல் வெளிவந்தது. அடுத்த பாடலான ‘நடீன்’ 1964-இல் வெளிவந்தது. மாதத்துக்கு ஒன்றாகப் பாட்டு எழுதியவர் இடையில் எங்கே போனார்? சிறைக்குப் போனார். 14 வயதுச் சிறுமி ஒருத்தியை மாநில எல்லை தாண்டி அழைத்துவந்த வழக்கில் தண்டிக்கப்பட்டு 1962 தொடக்கத்திலிருந்து 1963 அக்டோபர் வரை சிறையில் இருந்தார். முதல் விசாரணையில் நீதிபதி இனவெறியோடு பேசினார் என்பதால் மறுவிசாரணை நடந்ததும் உண்மை, அதிலும் அவர் குற்றவாளி என்றே தீர்ப்பானதும் உண்மை. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்லும் ரசிகர்களோடும் எதிரிகளோடும் எனக்கு உடன்பாடில்லை. ‘நடீன்’, ‘யூ நெவர் கேன் டெல்’, ‘ப்ராமிஸ்டு லேண்ட்’ ஆகியவை சிறையில் எழுதியவை. கடைசியாகச் சொன்ன பாட்டில் கிழக்குக் கரையிலிருந்து கலிபோர்னியா வரை ஊர் ஊராகப் பயணம் செய்ய வேண்டியிருந்ததால், வழி சரிபார்க்கச் சிறையில் நிலப்பட நூல் ஒன்றைக் கேட்டு வாங்கினாராம். அடைபட்டுக் கிடந்தவர் தேசம் முழுவதையும் கடக்கும் பாட்டை எழுதியிருக்கிறார்.

தொகுப்பில் இந்த இடைவெளி தெரியாது. ‘கம் ஆன்’ முடிந்து இரண்டு நொடி மௌனத்துக்குப் பின் ‘நடீன்’ தொடங்கிவிடும். ஆனால் கிருஷ்ணகிரியில் டீ குடிக்கப் போன ஒருவர், தமக்குத் தெரியாமலேயே, என் கேசட்டை மிகச் சரியாகச் சிறைக் கதவருகில் வெட்டியிருந்தார்.

முழுத் தொகுப்பும் 2004-இல் பெங்களூரில் குறுந்தகடாகக் கிடைத்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான ஆண்டும் அதுவே. ஊருக்குத் திரும்பும் பேருந்தில், சூளகிரியைக் கடக்கும்போது, இயர்போனை மாட்டிக்கொண்டு 26-ஆம் பாடலுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த அந்தச் சில நொடிகள் ஓடின. நாடா தீர வேண்டிய இடம் வந்தபோது என் விரல் தானாக நிறுத்தும் பொத்தானைத் தேடியது. பாட்டு நிற்கவில்லை. பேருந்தில் போகிறவன் சன்னல் வழியாக நடீனைப் பார்த்துவிடுகிறான். இறங்கி ஓடுகிறான். கூட்டத்தில் புகுகிறான். அவள் ஒரு காரில் ஏறிப் போய்விடுகிறாள். இவன் டாக்ஸி பிடித்து, சன்னலுக்கு வெளியே உடம்பை நீட்டி அவள் பெயரைக் கூவிக்கொண்டே போகிறான். மேபலீனை மேட்டின் உச்சியில் பிடித்த அதே ஆள்தான் என்று நம்பிக் காத்திருந்தேன். பாட்டு மெல்ல மங்கி முடிந்தது. அவன் அவளைப் பிடிக்கவில்லை.